வால் பார்க்கும் அத்தான்

கையில் எது கிடைத்தாலும் அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்த பிறகுதான் அத்தான் அதை ஒரு பொருள் என்றே ஒப்புக்கொள்வார். புதுச் செருப்பு வாங்கினால் காலுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க மாட்டார், அடியில் கோடு எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு உட்காருவார். அக்காவுக்குப் பெண் பிறந்தபோது மூக்கு யார் ஜாடை, கண் யார் ஜாடை என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, இவர் போர்வையை விலக்கி இரண்டு உள்ளங்கால்களையும் உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, இனிமே எங்க பாத்தாலும் தெரிஞ்சிடும்" என்றார். ஒருமுறை சாப்பாடு வைத்த தட்டையே தூக்கித் திருப்பிவிட்டார். அன்றிலிருந்து அக்கா வெறும் தட்டை அவர் கையில் கொடுத்து, "பாத்தாச்சா?" என்று கேட்ட பிறகுதான் பரிமாறுகிறாள். பதினாறு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். ஒரு நாள்கூட இந்தக் கேள்வி விடுபட்டதில்லை.

இது பைத்தியம் இல்லை, உத்தியோகம். துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறைகள். கதவில் 'கூன்முதுகுத் திமிங்கில ஆய்வு நிலையம்' என்று பலகை. அந்தத் திமிங்கிலங்களின் நடத்தை, உடல்நலம், அவை எங்கெங்கே போய் வருகின்றன என்பதெல்லாம் அங்கே ஆராயப்படுகின்றன. ஒருவர் கடலுக்குள் ஒலிவாங்கியைத் தொங்கவிட்டு அவை பாடும் பாட்டை நாள் முழுக்கக் கேட்பார். இன்னொருவர் அவை விடும் மூச்சுக்கு மேலே குட்டி விமானம் ஒன்றைப் பறக்கவிட்டு, தெறிக்கும் ஈரத்தைத் தட்டில் பிடித்து, திமிங்கிலத்துக்கு மனக்கவலை ஏதும் உண்டா என்று சோதிப்பார். அங்கே வேலை செய்கிற மனிதர்களின் கவலையைச் சோதிக்க இன்னும் கருவி வரவில்லை.

அத்தான் வால் பார்ப்பார். கூன்முதுகுத் திமிங்கிலம் ஆழத்துக்கு முங்கும்போது வாலைத் தண்ணீருக்கு மேலே தூக்கும். அந்த வாலின் அடிப்பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கோலம் இருக்கும். நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. படகில் போகிறவர்கள் அதைப் படம் பிடித்து வருவார்கள். இது யார், எந்த வருடம் வந்தவர், போன தடவை குட்டியோடு வந்தாரா என்று அத்தான் சொல்வார். எத்தனை இருக்கின்றன, எது வந்தது, எது வராமல் போனது என்பதெல்லாம் இப்படித்தான் தெரிகிறது. அத்தான் இல்லாவிட்டாலும் கடலில் திமிங்கிலங்கள் இருக்கும். ஆனால் தாங்கள் யார் என்று அவற்றுக்குத் தெரியாமல் தவிக்கும் என்பது அவருடைய எண்ணம்.

இரும்பு அலமாரியின் இழுப்பறைகளில் அறுநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வாலின் படம், ஒரு எண், எண்ணுக்குக் கீழே அவர் வைத்த பட்டப்பெயர். கிழிஞ்ச குடை. மை கொட்டினவன். பல்லு போன சீப்பு. கேள்விக்குறி. "கேள்விக்குறி இந்த வருஷம் பத்து நாள் லேட்டு" என்று ஒருமுறை முகம் வாடி உட்கார்ந்திருந்தார். அதே வாரம் அக்கா மகள் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாள். அவள் வந்ததும் அவருக்குத் தெரியாது, வராததும் தெரியாது.

ஏழாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு அந்த இரண்டு அறைகளையும் பெருக்கித் துடைத்து டீ போடும் வேலையை வாங்கிக் கொடுத்தவர் அத்தான்தான். அதனால் அவரை வீட்டிலும் பார்க்கிறேன், அலுவலகத்திலும் பார்க்கிறேன். துடைப்பத்தோடு நிற்கிறவளை யாரும் பார்ப்பதில்லை என்பது ஒரு வசதி.

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லிவிட வேண்டும். அத்தான் திமிங்கிலத்தைப் பார்த்ததே இல்லை. வேலையில் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது, ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. முதல் வாரம் படகில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். துறைமுகச் சுவரைத் தாண்டுவதற்குள் காலைச் சாப்பாடு வெளியே வந்தது. தாண்டியதும் முந்தின நாள் சாப்பாடும் வந்தது. திமிங்கிலம் வரும் இடத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. படகைத் திருப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு படகுத்துறையில் நின்று பேசுவதற்கே அவர் ஒரு தூணைப் பிடித்துக்கொள்வார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை நிலையத்துக்கு அழைத்து வருவார்கள். நேரில் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று ஏதாவது ஒரு பிள்ளை கண்டிப்பாகக் கேட்கும். அத்தான் இரண்டு கைகளையும் விரிப்பார், போதாது என்று தலையை ஆட்டுவார், பிறகு தாழ்ந்த குரலில், "அதெல்லாம் சொல்லி முடியாதும்மா, நேர்ல பாக்கணும்" என்பார். அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

முங்கிப் போகிறவற்றின் வாலை மட்டுமே பார்த்துப் பழகியதாலோ என்னவோ, மனிதர்களையும் அவருக்கு முதுகுப் பக்கம்தான் தெரியும். ஒருமுறை என் அம்மா பேருந்து நிலையத்தில் அவருக்கு எதிரே வந்து நின்று சிரித்திருக்கிறாள். இவர் மரியாதையாக விலகி வழிவிட்டார். அம்மா கோபத்தோடு திரும்பி நாலடி நடந்ததும், பின்னாலிருந்து, "அத்தை, எப்ப வந்தீங்க?" என்று ஓடிவந்தார். அக்கா இதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். "இவருக்கு நாம கோவிச்சுக்கிட்டுக் கிளம்பினாத்தான் ஆள் தெரியும்."

இவருக்கு நேர் எதிர் படகோட்டி. நாற்பது வருடமாகக் கடலில் இருப்பவர். எல்லாத் திமிங்கிலங்களையும் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தவர், ஒன்றைக்கூட மற்றொன்றிலிருந்து பிரித்துச் சொல்லத் தெரியாதவர். இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த இளக்காரம் அந்த நிலையத்தின் மற்ற எல்லா ஆராய்ச்சிகளையும்விடத் தொடர்ச்சியாக நடந்து வந்தது. வால் சாருக்கு ஊரார் கல்யாண ஆல்பத்தைப் பார்த்தே வயிறு நிறைந்துவிடும் என்பார் படகோட்டி. அண்ணனுக்குத் தண்ணீரில் கறுப்பாக எது போனாலும் அது திமிங்கிலம் என்பார் அத்தான். அவரைச் சீண்டுவதற்கென்றே படகோட்டி அதை மீன் என்பார். மீன் இல்லை, பாலூட்டி என்று அத்தான் ஒவ்வொரு தடவையும் திருத்துவார். "சரி சார், அந்தப் பாலூட்டி மீனு" என்று படகோட்டி ஒத்துக்கொள்வார்.

விளையாட்டாக இருந்த இந்தச் சண்டை நிஜமானது நூற்றுப் பதினேழாம் எண்ணால்.

அதற்குப் பட்டப்பெயர் ஒட்டுத்துணி. வாலின் இடது பாதியில் சதுரமாக ஒரு வெள்ளை, கறுப்புச் சட்டையில் யாரோ ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும். அத்தான் வேலைக்குச் சேர்ந்த வருடம்தான் அதுவும் முதன்முதலில் வந்தது. அதனால் அது தன்னோடு சேர்ந்து வேலைக்கு வந்ததாகவே அவர் நினைத்துக்கொண்டார். "இவளுக்கு நான் கண்ணாடியே போட வேண்டாம்" என்பார். தொடர்ந்து பதினோரு வருடம் வந்தது, அதில் நாலு வருடம் குட்டியோடு. அதன் முதல் படம் வந்து சேரும் நாளில் அலுவலகத்துக்கு பிஸ்கட் வாங்கி வருவார். சொந்தப் பெண்ணின் பிறந்தநாளை அக்கா நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

பன்னிரண்டாவது வருடம் வந்த படத்தில் வாலின் அடியில் தடித்த வலைக்கயிறு சுற்றியிருந்தது. சதை வீங்கியிருந்தது. கயிற்றை வெட்ட ஆட்கள் போனார்கள், அதற்குள் காணவில்லை. அடுத்த வருடம் ஒட்டுத்துணி வரவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. அப்படிக் காயப்பட்ட ஒன்று ஐந்து வருடம் கண்ணில் படாவிட்டால் இறந்ததாக எழுத வேண்டும் என்பது நிலையத்தின் விதி. எழுதியவர் அத்தான்தான். அதன் படத்தைப் பெரிதாக்கிக் கறுப்புச் சட்டம் போட்டு நடைபாதையில் மாட்டினார். வாரம் ஒருமுறை நான் அதற்குத் தூசி தட்டினேன்.

அந்த வருடம்தான் அரசாங்கக் குழு வந்தது. திமிங்கிலங்கள் வரும் மூன்று மாதமும் அந்தக் கடல்வழியில் வலை போடலாமா கூடாதா என்று முடிவு செய்ய வந்தார்கள். ஒரு பக்கம் வலைப்படகுக்காரர்கள், இன்னொரு பக்கம் நிலையத்தார். மேடையில் பேசிப் பழக்கமில்லாத அத்தானை நிலையத்தின் தலைவி எழுப்பி நிறுத்தினார். அவர் மூன்று வாக்கியம் பேசினார். "இவளை எனக்குத் தெரியும். உயிரோட இருந்தா வந்திருப்பா. வந்திருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன்." டீத் தட்டை வைத்துக்கொண்டு நின்ற நான் டீ கொடுக்க மறந்துவிட்டேன். மூன்று மாதமும் வலை போடக் கூடாது, ஐந்து வருடம் கழித்து மறுபடி கூடிப் பார்ப்போம் என்று முடிவானது.

படகோட்டியின் மச்சான் வலைப்படகுக்காரர். வருடத்தில் மூன்று மாதம் அவர் படகு கரையில் கட்டிக் கிடந்தது. படகோட்டி மச்சானை வீட்டில் சமாளிக்க வேண்டியிருந்ததால் அத்தானை வேலையில் நிம்மதியாக விடவில்லை. செத்ததைக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்பார். ஊர் பிடிக்காமல் வேறு பக்கம் போயிருக்கும், அதற்கென்ன நீங்கள் மாமியாரா, சொல்லிவிட்டுப் போவதற்கு என்பார். அத்தானிடம் ஒரே பதில்தான். "பாத்தவன் நான்."

இதற்கு நடுவில் ஒட்டுத்துணி காணாமல் போன மூன்றாவது வருடமே புதிதாக ஒன்று வர ஆரம்பித்திருந்தது. வாலின் இடது பாதியே இல்லை. முன்னூற்று ஐந்து என்று எண் போட்டு, அரைவால் என்று பெயர் வைத்தார். சுறா கடித்திருக்கும், பாவம் என்றார். அவ்வளவுதான் அதன்மேல் அவருக்கு இருந்த அக்கறை. பாதி வாலில் பார்க்க என்ன இருக்கிறது. ஏழு வருடமாக அது வந்தது, தனியாக வந்தது. இவர் அட்டையில் வருடத்தை எழுதி இழுப்பறையைச் சாத்தினார்.

இரண்டு வருடம் முன்பு வாலை அடையாளம் சொல்லும் கணினிக்கு ஏற்பாடானது. அதை இயக்க ஒரு பெண் வந்தார். முதல் நாளே அது படகோட்டியின் தொப்பியைத் திமிங்கிலம் என்று சொன்னது. அத்தான் ஒரு வாரம் தூக்கம் வராத அளவு சந்தோஷமாக இருந்தார். அடுத்த மாதம் அரைவாலின் படத்தைக் கொடுத்தபோது, இது யாராக இருக்கலாம் என்று கணினி மூன்று பேரைச் சொன்னது. மூன்றாவது, நூற்றுப் பதினேழு. அத்தான் எஞ்சின் கடைக்காரரைக்கூட மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினார். "செத்தவளக் கூட்டிட்டு வருது பாருங்க. மூளைதான் இல்லைன்னா வெக்கமும் இல்ல." அந்தத் தாளை அச்சடித்து டீ போடும் அலமாரிக்கு மேலே ஒட்டினார். இரண்டு வருடம் நான் அதற்குக் கீழே நின்று தினமும் நாலு தடவை டீ போட்டேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

படகில் போகும்போது சில திமிங்கிலங்களின்மேல் ஓர் அம்பு எய்வார்கள். அதன் நுனி ஒரு பட்டாணி அளவு தோலை எடுத்துக்கொண்டு தண்ணீரில் விழுந்து மிதக்கும். அந்தத் தோல்கள் சீட்டு ஒட்டிய சின்னக் குப்பிகளில், நிலையத்தின் உறைபெட்டியில் வருடக்கணக்கில் கிடந்தன. சீட்டுகளில் எண் எழுதியது எல்லாம் அத்தான். அதில் அவருக்குத் தனிப் பெருமை. இந்த வருடம் எல்லாவற்றையும் மொத்தமாக ஒரு பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். குழு மறுபடி கூடுவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது பதில் வந்தது.

பதினாலு வருடம் முன்பு எடுத்த நூற்றுப் பதினேழின் தோலும், போன வருடம் எடுத்த முன்னூற்று ஐந்தின் தோலும் ஒரே உயிரினுடையவை என்று அதில் இருந்தது. குப்பியில் சீட்டு மாறி ஒட்டப்பட்டிருக்கலாம், சரிபார்த்துச் சொல்லவும் என்றும் இருந்தது. கீழே ஒரு கட்டம். 'சீட்டு மாறிவிட்டது' என்று அதில் ஒரு கோடு போட்டால் இரண்டு குப்பிகளையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். விஷயம் அதோடு முடிந்தது.

அத்தான் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். வெள்ளைத் தாள். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் காலடியில் ஈரத்துணி போட்டுத் துடைத்துக்கொண்டு போனபோது கால்களைத் தூக்கவில்லை. அவரைச் சுற்றித் துடைத்தேன்.

அட்டைகள் எந்தக் காரணத்துக்காகவும் இழுப்பறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு அட்டைகள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்திருந்தன. அக்கா எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் நூற்றுப் பதினேழின் இடது பாதியை உள்ளங்கையால் மூடினார். வலது பாதி மட்டும் தெரிந்தது. விளிம்பை ஒட்டிச் சாய்வாக நாலு வெள்ளைப் புள்ளிகள், பக்கத்தில் தூண்டில் முள் மாதிரி ஒரு கீறல். முன்னூற்று ஐந்தைப் பார்த்தார். நாலு புள்ளி, ஒரு முள். கையை எடுத்தார், மறுபடி மூடினார்.

அக்கா மகள் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்க வந்தவள், குனிந்து பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானேப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அக்கா எழுந்து அவர் பின்னால் வந்து நின்றாள். பிறகு சொன்னாள்: "பன்னெண்டு வருஷமா ஒட்டுத்துணியப் பாத்தீங்க. சட்டையப் பாக்கவே இல்லையா?"

அவர் கடிதத்தை நகர்த்தி வைத்தார். அக்கா படித்தாள்.

"சீட்டு மாறிடுச்சுன்னு கோடு போட்டுட்டா என்னாகும்?"

"ஒண்ணும் ஆகாது."

"யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

அக்கா உட்கார்ந்து இன்னும் இரண்டு பட்டாணியை உரித்தாள். "அப்ப இதை எதுக்கு வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?"

அத்தான் இரண்டு அட்டைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். "நான் எழுதின சீட்டு மாறாது" என்றார். மனசாட்சி என்று படித்தவர்கள் சொல்வது இதைத்தானா என்று எனக்குத் தெரியவில்லை. கண் தப்பா, கையெழுத்துத் தப்பா என்று இரண்டில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் கண்ணை விட்டுக்கொடுத்தார்.

மறுநாள் காலை நேராகப் படகுத்துறைக்குப் போனார். வழக்கம்போல் நான் டீக் குடுவையோடு பின்னால் போனேன். படகோட்டி எஞ்சினை ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு அத்தான் கூப்பிட்டார். கேட்கவில்லை, பேச வேண்டுமானால் உள்ளே வாருங்கள் என்று அவர் கையைக் காட்டினார். அத்தான் படகில் ஏறினார். இருபத்திரண்டு வருடத்தில் இரண்டாவது தடவை. படகு இரண்டு கயிற்றால் கரையோடு கட்டியிருந்தது. அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஏறிய உடனே ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தார்.

வாயைத் துடைத்துக்கொண்டு இரண்டு படங்களையும் நீட்டினார். "அண்ணே, ஒட்டுத்துணி சாகல."

படகோட்டி எஞ்சினை அணைத்தார். படங்களை வாங்கிப் பார்த்தார். "இது அரைவாலுல்ல. வருஷா வருஷம் நான்தானே பக்கத்துல கொண்டுபோய் நிறுத்தி, படம் எடுக்கச் சொல்லிக் கொண்டாந்தேன்."

"ஆமா."

"நான் கொண்டாந்து குடுத்தேன். நீங்க புது நம்பர் போட்டீங்க."

"ஆமாண்ணே."

துறைமுகம் முழுக்கக் கேட்கும்படி அவர் சிரிக்கப்போகிறார் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஐந்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு. அவர் ஒரு குவளையை அலம்பித் தண்ணீர் மொண்டு அத்தானிடம் கொடுத்தார். "கொப்புளிங்க முதல்ல" என்றார். பிறகு, "என் மச்சான் கேட்டா ஆடுவான்" என்றார்.

"ஆடட்டும்."

"கூட்டத்துல யார் சொல்லப்போறது?"

அத்தானுக்கு அந்த நிலையிலும் கோபம் வந்தது. "வேற யாரு சொல்றது? வேற யாருக்கு அவளைத் தெரியும்?"

தலைவி வேறு மாதிரிப் பேசினார். தப்பு நடந்தது சரி, யாரும் குற்றம் சொல்லவில்லை, ஆனால் கூட்டம் முடியும்வரை காத்திருக்கலாமே என்று கேட்டார். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார். நான் வாளியோடு உள்ளேதான் இருந்தேன். மூன்று மாதத் தடை போய்விட்டால் அடுத்த வருடம் இன்னும் பத்துத் திமிங்கிலம் வலையில் மாட்டும் என்றார். அது அத்தானுக்கும் தெரியும். "காத்திருக்கலாம் மேடம்" என்றார். "அவதான் காத்திருக்கல. ஏழு வருஷமா வந்துட்டுத்தான் இருக்கா."

அதே அறை, அதே குழு, அதே டீத் தட்டு. அத்தான் எழுந்து நாற்காலியின் முதுகைப் படகுத்துறைத் தூண் மாதிரி பிடித்துக்கொண்டார். "போன தடவை இங்க நின்னு மூணு விஷயம் சொன்னேன். இவளை எனக்குத் தெரியும்னு சொன்னேன். தெரியல. உயிரோட இருந்தா வருவான்னு சொன்னேன். வந்திருக்கா. வந்தா நான் கண்டுபிடிச்சிடுவேன்னு சொன்னேன். கண்டுபிடிக்கல."

படகோட்டியின் மச்சான் எழுந்தார். "அப்போ எங்க வலை கொல்லலைன்னு ஆச்சு." பாதி அறை சிரித்தது.

"கொல்லல" என்றார் அத்தான். "வலையில மாட்டுறதுக்கு முன்னாடி பதினோரு வருஷத்துல நாலு குட்டி. மாட்டினதுக்கு அப்புறம் ஒண்ணுகூட இல்ல. கயிறு அறுத்து அறுத்துப் பாதி வால் போயிருக்கு. மேலேர்ந்து எடுத்த படத்துல பிடரியில பள்ளம் தெரியுது, மெலிஞ்சாத்தான் அப்படி விழும். செத்திருந்தா ஒரு வரியில எழுதி முடிச்சிருப்பேன். எழுதியும் வச்சிருந்தேன்." இரண்டு அட்டைகளையும் மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மச்சான் அட்டைகளைப் பார்க்க எழுந்து வந்தார். பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் ஆடவில்லை.

குழுக்கள் எப்படி முடிவெடுக்குமோ அப்படி முடிவெடுத்தது. மூன்று மாதம் என்பது இரண்டு மாதமானது. மிச்சம் ஒரு மாதத்தை ஆராய ஒரு துணைக்குழு அமைத்தார்கள். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்று வலைக்காரர்களுக்குக் கோபம், ஒரு மாதம் போய்விட்டதே என்று நிலையத்தாருக்குக் கோபம். இரண்டு தரப்பும் ஒத்துப்போனது ஒரே விஷயத்தில்: எல்லாவற்றுக்கும் அத்தான்தான் காரணம். தலைவி இப்போது அவரிடம் வேலை விஷயமாக மட்டும் பேசுகிறார். முன்பும் அப்படித்தான், ஆனால் அப்போது அது உறுத்தவில்லை. படகோட்டி மட்டும் பேச்சைக் குறைக்கவில்லை. அரைவால் என்று யாராவது சொன்னால், "அது வால் சாரோட வேலைக்குச் சேந்த பாலூட்டி" என்கிறார். மீன் என்று சொல்வதை விட்டுவிட்டார். அத்தானுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன்.

இழுப்பறைகளில் இப்போது அறுநூற்றுப் பதினொரு திமிங்கிலங்கள். நூற்றுப் பதினேழும் முன்னூற்று ஐந்தும் ஒரே ஊசியால் சேர்த்துக் குத்தப்பட்டிருக்கின்றன. முன்னூற்று ஐந்து என்ற எண் இனி யாருக்கும் கிடையாது. நடைபாதைப் படத்தின் கறுப்புச் சட்டத்தை அவரே கழற்றினார். படம் சட்டமில்லாமல் அதே ஆணியில் தொங்குகிறது. தூசி தட்டுவது எனக்கு முன்னைவிடக் கஷ்டமாகிவிட்டது. டீ அலமாரிக்கு மேலே ஒட்டிய தாளைக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார். கணினிப் பெண்ணுக்கு மட்டும் ஒருநாள் பிஸ்கட் வந்தது, ஏன் என்று சொல்லப்படாமல்.

மிச்சமுள்ள அட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு பாதியை மூடி மறுபாதியைப் பார்த்து வருகிறார். இருநூற்று நாற்பதுவரை வந்திருக்கிறார். இன்னொரு தப்பு இன்னும் அகப்படவில்லை. அகப்பட வேண்டுமென்று பார்க்கிறாரா, அகப்படக் கூடாதென்று பார்க்கிறாரா என்று முகத்திலிருந்து தெரியவில்லை. அரைவால் இந்த வருடம் இன்னும் வரவில்லை. அது வழக்கமாக வரும் நாளுக்கு மூன்று வாரம் இருக்கிறது.

வீட்டில் அக்கா இன்றைக்கும் வெறும் தட்டைத்தான் முதலில் கொடுக்கிறாள். அவர் தூக்கி அடியைப் பார்க்கிறார். இடது பாதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஒரு தடவை பார்க்கிறார். பிறகு வலது பாதியை மூடிக்கொள்கிறார். கரண்டியோடு நிற்கிற அக்கா, "பாத்தாச்சா?" என்கிறாள்.

"இரு" என்கிறார்.